பீலித் தண்ணீர் வழக்கும் பிலோமினா மிஸ்ஸியும்

பிலோமினா மிஸ்ஸி காலமான செய்தி எனக்கு நான்கு நாள் பிந்தி வந்தது. கினிகத்தேனையிலிருந்து அவருடைய தங்கை எழுதிய தபால் அட்டை தோட்ட ஆபீஸில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. நான்காம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவியின் அப்பா அதைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். "அக்கா ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக உடுத்திக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்து இறந்துவிட்டார். திங்கட்கிழமை அடக்கம் செய்தோம். உங்களுக்குத் தந்தி கொடுக்க நினைத்தோம், முடியவில்லை" என்று நாலு வரி. அட்டையைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுக் கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடித்தேன். பிள்ளைகள் விடையைச் சேர்ந்து சொன்னார்கள். விடை சரியா என்று அன்று நான் பார்க்கவில்லை.

அவரை அறிந்த உங்களில் பெரும்பாலானோர் இந்தத் தோட்டத்து லய வீடுகளில்தான் இருக்கிறீர்கள். அவர் கையால் பிறந்த பிள்ளைகள் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. அவரை ஏசியவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அதற்காக யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஏன் எழுதுகிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

அவர் எங்கள் தோட்ட ஆஸ்பத்திரிக்கு மருத்துவிச்சியாக வந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தனியாள். எங்கள் இரண்டு குவாட்டஸ்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் நான் அடுப்பைப் பற்றவைத்தால் அந்தப் பக்கத்திலிருந்து, "டீச்சர், மண்ணெண்ணெ வாசம் வருது, திரிய இறக்குங்க" என்று குரல் வரும். உடப்புசல்லாவைப் பக்கத்து மழையில் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்குக்கும் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்குக்கும் குடையும் கன்வஸ் சப்பாத்துமாக ஏறி இறங்குவார். வெள்ளைச் சேலையின் கீழ்க்கரை எப்போதும் சிவப்பு மண்ணாக இருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிரசவத்துக்குப் போகும் வீட்டில் சுடுதண்ணீர் வைக்கச் சொல்லும்போதே, "இது எந்தப் பீலித் தண்ணி?" என்று கேட்பார். மலையிலிருந்து வரும் ஊற்றை மூங்கிலிலோ தகரத்திலோ வழிவிட்டுப் பிடிக்கும் பீலிகள் எங்கள் பிரிவில் மூன்று. பதிலைத் தன் கொப்பியில் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். கொழுந்தெடுக்கும் ராமாயிக்கு மூன்றாவது பிள்ளை பிறந்த அன்று நான் கூட இருந்தேன். வலியில் கிடந்தபடியே ராமாயி, "புள்ள வெளிய வர்ற நேரத்துல தண்ணியோட ஊரு பேரு கேக்குற மிஸ்ஸி இவங்க ஒருத்தங்கதான்" என்றாள். "நீ புள்ளயப் பாரு, நான் தண்ணியப் பாக்கிறேன்" என்றார் மிஸ்ஸி. அந்த வலியிலும் அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு வருடக் கொப்பியை வைத்துக்கொண்டுதான் அவர் அதைக் கண்டுபிடித்தார். வாய்ப்புண், வாந்தி, உடம்பில் எரிச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் கீழ்ப் பீலியில் குடித்தவர்கள். ராமாயியின் கறவை மாடு வாயில் நுரை தள்ளிச் செத்ததும் அந்தப் பீலித் தொட்டியில் குடித்த பிறகுதான். அந்தப் பீலிக்கு நேர் மேலே, முப்பது காலடித் தூரத்தில், தோட்டத்தின் மருந்து ஸ்டோர். தேயிலைக்கு அடிக்கும் மருந்தைக் கலப்பதும் வாளியையும் பீப்பாயையும் கழுவி ஊற்றுவதும் அதன் முன்னால் இருந்த வெறும் தரையில். வருடக்கணக்காக ஊற்றி ஊற்றி அந்த மண் சில இடத்தில் நீலமாகவும் சில இடத்தில் எண்ணெய் பூசியதுபோலக் கறுப்பாகவும் இருந்தது. புல் முளைக்காது. நாங்கள் எல்லோரும் தினமும் அதைத் தாண்டித்தான் நடந்தோம். "தண்ணியப் பாத்தா ஒண்ணும் தெரியாது டீச்சர். குடிச்சவங்களப் பாத்தாத்தான் தெரியும்" என்பார் அவர்.

பெரிய துரையிடம் இரண்டு தடவை போய்ச் சொன்னார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரர் இருந்த பங்களாவுக்குச் சிங்களவர் வந்த பிறகும் நாங்கள் துரை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டாவது தடவை துரை, "உன் வேலை பிள்ளை பிடிப்பது, ஸ்டோர் என் வேலை" என்றாராம். அதன் பிறகுதான் டவுனிலிருந்த சுகாதாரப் பரிசோதகருக்கு மனு எழுதலாம் என்று முடிவு செய்தோம். எழுதியது நான். முதல் கையெழுத்து அவருடையது. கீழே கீழ்லயத்துப் பெண்களின் கைநாட்டுகள்.

பரிசோதகர் ஒரு சிங்கள மனிதர். மோட்டார் சைக்கிளில் வந்தார், தமிழ் ஓரளவு பேசுவார். பீலித் தண்ணீரைப் போத்தல்களில் பிடித்து அரக்கு முத்திரை வைத்துக் கொழும்புக்கு அனுப்பினார். மருந்து கலந்திருப்பதாகப் பதில் வந்தது. பொதுமக்களுக்குக் கேடு தரும் ஒன்றை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம் என்று சட்டத்தில் இருக்கிறதாம். அதன் கீழ் அவர் வழக்கு வைத்தார். குறித்த நாளுக்குள் அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஏன் செய்யக்கூடாது என்று காரணம் சொல்ல வேண்டும் என்று தோட்டத்துக்கு நிபந்தனைக் கட்டளை வந்தது. அதோடு ஒரு அறிவித்தலும் வந்தது. அங்கே குடியிருப்பவர்கள் யாரும் மன்றில் வந்து தம் கருத்தைச் சொல்லலாம். அறிவித்தல் சிங்களத்தில் இருந்தது, ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். சம்பள நாள் தவிர ஆபீஸ் பக்கம் யார் போகிறார்கள்? மிஸ்ஸியும் நானும் உட்கார்ந்து அதைத் தமிழில் மூன்று பிரதி எழுதினோம். காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் ஒன்று, கோயில் வாசலில் ஒன்று, சிற்றாலயக் கதவில் ஒன்று.

பெரட்டுக் களத்தில் நான் வாசித்துக் காட்டியபோது ராமாயி கேட்டாள்: "எங்களுக்கு இந்த நாட்டுல ஓட்டே இல்ல. இந்தியாவுக்குப் போகச் சொல்லிப் பாதிப் பேருக்குக் காயிதம் வந்திருக்கு. எங்க பேச்சக் கோட்டுல கேப்பாங்களா?"

"இது ஓட்டுப் போடற வேல இல்ல ராமாயி" என்றார் மிஸ்ஸி. "அங்கன இருக்கிறவங்க யாரும் பேசலாம்னுதான் போட்டிருக்கு. நீ அங்கனதான இருக்க?"

"வேற எங்க போறது?" என்றாள் ராமாயி.

அதுதான் உண்மை. எங்களில் யாருக்கும் போவதற்கு வேறு இடம் இல்லை. லயத்தில் குடியிருக்கும் காம்பரா தோட்டத்தினுடையது, குவாட்டஸ் தோட்டத்தினுடையது. வேலை போனால் கூரை போய்விடும். எனக்கு இன்னொன்றும் இருந்தது. தோட்டப் பாடசாலையை அரசாங்கம் பொறுப்பெடுத்த பிறகு, பிரஜாவுரிமை இல்லாத ஆசிரியர்களின் நியமனம் தொங்கிக்கொண்டிருந்தது. என் விண்ணப்பம் கொழும்பில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. பொலிஸ், நீதிமன்றம் என்று எந்தப் பதிவும் பெயரில் இருக்கக்கூடாது என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். மிஸ்ஸிக்குப் பதிவுப் பிரஜாவுரிமை முன்பே கிடைத்திருந்தது.

தோட்டத்தின் சட்டத்தரணி கெட்டிக்காரர். பீலித் தண்ணீரில் மருந்து இருக்கலாம், ஆனால் அது மேலே உள்ள தேயிலை மலை எதிலிருந்தும் வந்திருக்கலாம், ஸ்டோர் வாசலிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அதனால் நீதவான் தாமே நேரில் வந்து பார்ப்பதென்றும், இரு தரப்பார் முன்னிலையில் ஸ்டோர் வாசல் மண்ணை எடுத்து அனுப்புவதென்றும் முடிவானது. ஒரு சனிக்கிழமை காலை குறிக்கப்பட்டது.

இனி சொல்வதுதான் கடினம்.

வெள்ளிக்கிழமை மதியமே மிஸ்ஸி ஒரு பிரசவத்துக்காக மேற்கணக்குக்குப் போய்விட்டார். பாடசாலை விட்டு வரும் வழியில் நான் ஸ்டோர் வாசலைப் பார்த்தேன். நீலமும் கறுப்புமாகச் சேறு, உடைந்த வாளிகள், கிழிந்த பைகள், நாய்ப் பீ. நாளைக்கு நீதவான் இதில் கால் வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் சுத்தம் செய்வது எங்கள் உடம்பில் ஊறிய பழக்கம். துரை வருகிறார் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு, வடிகால் கான் வெட்டு. வித்தியாதிகாரி வருகிறார் என்றால் பாடசாலைக்குச் சாணி மெழுகல், பிள்ளைகளுக்கு நகவெட்டு. அழுக்கைக் காட்டுவதற்காக ஒருவரை அழைப்பது எங்களுக்குத் தெரியாத காரியம். கலாசாலையில் படித்து வந்த எனக்கும் அது தெரியவில்லை. அந்த அழுக்குத்தான் எங்கள் ஒரே சாட்சி என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவே இல்லை.

கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் நனைந்த சாக்குகளோடு வந்துகொண்டிருந்தார்கள். ராமாயியிடம் சொன்னேன்.

"இப்பவா டீச்சர்?" என்றாள். "மலையில நின்னு காலு வெறச்சுப் போய் வாரோம். அடுப்புப் பத்த வைக்கணும். எல்லாரையும் நீங்க கூப்பிட்டா வருவாளுகளா?"

"நாளைக்கு நீதவான் வந்து பார்த்தா நம்ம ஆளுங்களப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அது சரி. மிஸ்ஸி சொன்னாங்களா?"

சொல்லவில்லை. ஆனால் மிஸ்ஸி பெயருக்கு லயத்தில் இருந்த மதிப்பு டீச்சர் பெயருக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"ஆமா, மிஸ்ஸிதான் சொல்லிட்டுப் போனாங்க" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் பதினைந்து இருபது பெண்கள் மம்பட்டியோடு வந்தார்கள். நீல மண்ணையும் கறுப்பு மண்ணையும் ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டிக் கூடைகளில் அள்ளிப் பின்னாலிருந்த ஓடைச் சரிவில் கொட்டினார்கள். கோயிலில் மிஞ்சியிருந்த சுண்ணாம்பைக் கரைத்துத் தெளித்தார்கள். யாரோ காட்டுப் பன்னச் செடிகளை வெட்டி வந்து இரண்டு மூங்கிலில் கட்டித் தோரணம்கூட வைத்துவிட்டார்கள். "மாப்பிள்ள வரப் போறாரு, பொண்ணுதான் இல்ல" என்று ஒருத்தி சொல்ல, களைப்பிலும் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நான் அறிந்த காலத்தில் அந்த இடம் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

மறுநாள் காலை நீதவான் ஜீப்பிலிருந்து இறங்கித் தோரணத்தைப் பார்த்தார். சுண்ணாம்புத் தரையைப் பார்த்தார். தோட்டத்துச் சட்டத்தரணியிடம் சிங்களத்தில், "என் வீட்டு முற்றம் இவ்வளவு சுத்தமாக இல்லை" என்றார். பரிசோதகர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். துரை எங்களைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

மேற்கணக்கிலிருந்து நேரே இறங்கி வந்த மிஸ்ஸி கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "யாரு சொன்னது?" என்றார்.

"நான்தான்" என்றேன். அவர் பெயரைப் பயன்படுத்தியதைச் சொல்லவில்லை.

அவர் நேரே முன்னால் போய் எல்லோருக்கும் கேட்கும்படி, "ராமாயி, மண்ண எங்க கொட்டுனீங்க?" என்றார். பயந்துபோன ராமாயி ஓடைப் பக்கம் கையைக் காட்டினாள். பரிசோதகர் ஸ்டோர் வாசலிலும் மண் எடுத்தார், ஓடைச் சரிவிலும் எடுத்தார். வாசல் மண்ணில் சுண்ணாம்பும் லேசான மருந்தும் இருப்பதாகவும், ஓடை மண்ணில் மருந்து மிக அதிகமாக இருப்பதாகவும் பின்னால் தெரிந்தது. ஆனால் ஓடை மண் ஸ்டோர் வாசலிலிருந்து போனதுதான் என்று யார் சொல்வது? மண்ணைச் சுமந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்காக நுவரெலியாவுக்குப் போனோம்.

மன்றில் முதலில் கூண்டில் ஏறியவள் ராமாயி. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் கேட்டுச் சிங்களத்தில் சொன்னார். சுரண்டியது நாங்கள், கொட்டியது ஓடையில், ஒரு கூடை மண்கூட வேறெங்கும் போகவில்லை என்று அவள் தெளிவாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சட்டத்தரணி எழுந்து, "உங்களுக்குக் கேடு என்று நீங்களே சொல்லும் மண்ணை, நீதவான் வருவதற்கு முந்தின நாள் அள்ளி ஒளித்தீர்கள். யார் சொல்லி?" என்று கேட்டார்.

"ஒளிக்கல்லங்க. சுத்தம் பண்ணோம்."

"யார் சொல்லி?"

"மிஸ்ஸி சொன்னாங்கன்னு டீச்சர் வந்து சொன்னாங்க."

வாங்குப் பலகையில் எனக்கு ஒரு ஆள் தள்ளி மிஸ்ஸி உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பவில்லை. அவருடைய பெயரைக் கூப்பிட்டதும் குடையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அந்தச் சில நிமிடங்களில் எனக்குள் ஓடியதை இப்போதும் என்னால் ஒழுங்காக எழுத முடியாது. எழுந்து நின்று சொல்லிவிடலாம். எழுந்தால் என் பெயரை எழுதுவார்கள். கொழும்பு மேசையில் கிடக்கும் தாள். வேலை. குவாட்டஸ். குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

சட்டத்தரணி கேட்டார்: "மண்ணை அகற்றும்படி ஆசிரியை மூலம் நீங்கள் சொல்லி அனுப்பினீர்களா?"

இல்லை என்று சொன்னால் ராமாயி பொய் சொன்னவள் ஆவாள், அல்லது நான். ஒருவர் பொய் என்றால் ஓடை மண்ணும் பொய் என்று அவர் வாதாடுவார். வழக்கு அங்கேயே விழுந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகு யோசித்துத்தான் புரிந்தது. மிஸ்ஸிக்கு அந்த ஒரு மூச்சுக்குள் புரிந்திருந்தது.

"ஆமா. நான்தான் சொல்லி அனுப்பினேன். எனக்குப் புத்தி இல்லாமப் போச்சு" என்றார்.

கட்டளை எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. மருந்து ஸ்டோரை லயங்களுக்குக் கீழே மாற்றிச் சீமெந்துத் தரை போட வேண்டும். வாசல் மண்ணைத் தோண்டி அகற்ற வேண்டும். மேல் ஊற்றிலிருந்து கீழ்லயத்துக்குக் குழாய் இழுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பரிசோதகர் அறிக்கை தர வேண்டும், குடியிருப்பவர்களின் ஆட்சேபணையைக் கேட்ட பிறகே வழக்கை மூட வேண்டும். ஓடை மண் மட்டும் தோட்டத்தின் பொறுப்பில்லை. அதைக் கொட்டியவர்களே அள்ள வேண்டும், தோட்டம் லொறி மட்டும் தரும், மருத்துவிச்சி நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அள்ளினோம். உரப் பைகளைக் கிழித்துக் கையிலும் காலிலும் கட்டிக்கொண்டு, சரிவில் வழுக்கி வழுக்கி. மழை பெய்தால் மண் இன்னும் கீழே இறங்கிவிடும் என்று பயந்துகொண்டே செய்த வேலை. பெண்கள் வாய் சும்மா இருக்கவில்லை.

"கோயிலுக்குப் போற நாளு, பூச வைக்கிற நாளு, இங்க நஞ்ச அள்ளுறோம்."

"படிச்சவங்க பேச்சக் கேட்டா இப்பிடித்தான். அள்ளுன்னாங்க அள்ளுனோம். இப்ப திருப்பி அள்ளுன்றாங்க."

"அடுத்த வாரம் மறுபடியும் கொட்டச் சொல்லுவாங்க, இருந்து பாரு."

மிஸ்ஸி என் பக்கத்தில்தான் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி இருக்கவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து, "ஏசிக்கிட்டே அள்ளுங்க, பரவால்ல. அள்ளாம ஏசாதீங்க" என்றார். அவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்தபடியே இருந்தேன். நிமிர்ந்தால் யாராவது என் முகத்தைப் பார்த்துவிடுவார்கள் என்று இருந்தது. முக்கால்வாசி மண் வந்தது. இரண்டு பாறைக்குக் கீழே போன பகுதிக்கு யாராலும் இறங்க முடியவில்லை.

அந்த வருட முடிவில் தோட்டம் மிஸ்ஸிக்கு வேலை நீடிப்புக் கொடுக்கவில்லை. குவாட்டஸை ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். பஸ் நிற்கும் சந்திவரை அவருடைய தகரப் பெட்டியை ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அவருமாகத் தூக்கிப் போனோம். லயத்திலிருந்து வழியனுப்ப யாரும் வரவில்லை. அந்த வழியில்தான் நான் முதல் தடவையாக வாய் திறந்தேன்.

"அக்கா, நான் போய்ச் சொல்லிடுறேன். நீதவான்கிட்ட இல்லேன்னாலும் லயத்துலயாவது சொல்லிடுறேன்."

பெட்டியைக் கீழே வைத்தார். எனக்குக் கோபப்பட்டுவிடுவார் என்று பயமாக இருந்தது. கோபப்படவில்லை.

"லயத்துல சொன்னா மறுநாள் ஆபீஸ்ல இருக்கும். இப்ப மாத்திச் சொன்னா மிஸ்ஸியும் பொய், டீச்சரும் பொய், தண்ணியும் பொய்னு சொல்லிருவான் அந்த லோயர். கொழாய் வரட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

"உங்களத்தான ஏசுறாங்க."

"ஏசட்டும். நான்தான் போறேனே. நீங்கதான் இங்க இருக்கப் போறீங்க" என்றார். பிறகு பெட்டியின் பிடியை எடுத்துக்கொண்டு, "உங்களுக்கு உங்க மேல கோபம் இருந்தா எனக்கும் உங்க மேல கொஞ்சம் இருக்கு டீச்சர். அத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அவர் என்னை மன்னித்தார் என்று இதைப் படிக்கும் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் அப்படி ஒரு போதும் சொன்னதில்லை. அவர் வாயைத் திறக்காதே என்றபோது எனக்கு உண்டானது நிம்மதி என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அதன் பிறகு வருடங்கள். நாட்டில் கலவரங்கள் வந்தன, வழக்குத் தவணைகள் தள்ளிப்போயின, நீதவான்கள் மாறினார்கள். என் பிரஜாவுரிமை வந்தது, நியமனம் நிலையானது. பக்கத்துக் குவாட்டஸுக்கு வேறு ஆள் வந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து திரியை இறக்கச் சொல்ல யாரும் இல்லை. லயத்தில் வழக்குப் பேச்சு எழும்போதெல்லாம், "அந்த மிஸ்ஸி பண்ணின வேல" என்று யாராவது சொல்வார்கள். எனக்கு முன்னாலேயே சொல்வார்கள், டீச்சரும் ஏமாந்தவர்தானே என்ற அனுதாபத்தோடு. நான் தலையை ஆட்டுவேன். தலையை ஆட்டி ஆட்டி அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. தோட்டத்தை விட்டு மாற்றம் கேட்டுப் போயிருக்கலாம். போனால் எதற்காகப் போகிறேன் என்று எனக்குள் பதில் சொல்ல வேண்டும். இருந்தால் தினமும் அந்த ஓடையைத் தாண்டி நடக்க வேண்டும். நடந்தேன்.

ஒருவழியாகக் குழாய் வந்ததும் கினிகத்தேனைக்குப் போனேன். கடைத் தெருவுக்குப் பின்னால் தங்கை வீட்டில் ஒரு சின்ன அறை. முட்டிவலியால் படி இறங்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கொழாய் வந்திருச்சாமே. குடிச்சீங்களா?"

"குடிச்சேன்க்கா."

"என்னா ருசி?"

"ஒரு ருசியும் இல்ல."

"அதான் ருசி" என்று சிரித்தார்.

இனிமேலாவது சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "புஸ்தகத்துல கை வச்சுச் சொன்னது. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். தங்கச்சிக்குத் தெரியாது, அவ புள்ளைங்களுக்குத் தெரியாது. பொய்ச் சத்தியம் பண்ணவளுன்னு இந்த வயசுல பேர் எடுக்க வேணாம். நான் இருக்கிற வரைக்கும் அப்பிடியே கெடக்கட்டும். அப்புறம் உங்க இஷ்டம்" என்றார். திரும்பும்போது தங்கை தேத்தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. இரண்டு மூன்று கடிதம் போட்டேன்.

சென்ற மாதம் ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வழக்கை மூடுவதற்கான பரிசோதகரின் அறிக்கை, இந்தத் தடவை தமிழிலும். குடியிருப்பவர்களுக்கு ஆட்சேபணை இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தரலாம். ஸ்டோர், தரை, குழாய் எல்லாம் சரியாக இருந்தன. ஆறாவது பந்தியில், ஓடையின் கீழ்ப்பகுதியில் இன்னும் எஞ்சியிருக்கும் மாசு "அக்கால மருத்துவிச்சி பிலோமினாவின் பணிப்பின்பேரில் கொட்டப்பட்ட மண்ணால் உண்டானது" என்று இருந்தது. வழக்கு மூடினால் இந்த வாக்கியம் மூடிய கோப்பில் நிரந்தரமாகக் கிடக்கும். அதைப் பிரதி எடுத்துக்கொண்டு கினிகத்தேனைக்குப் போய் அவரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இரண்டு வாரம் இருந்தேன். அதற்குள் அட்டை வந்துவிட்டது.

அட்டை வந்த மறுநாள் புதிய பரிசோதகரைப் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் பேனாவை மூடிவைத்தார். "போட்ட குழாயை யாரும் கழற்றச் சொல்ல மாட்டார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் வேலைக்குக் கேள்வி வரலாம். இறந்தவருக்காகத் தேவைதானா என்று யோசித்துக்கொள்ளுங்கள்" என்றார். நல்ல மனிதர். எனக்குத் தப்ப ஒரு வழி காட்டினார். அந்த வழி எனக்குப் பழக்கமான வழி.

ஆறாவது பந்திக்கு ஆட்சேபணை எழுதிவிட்டேன். மண்ணை அகற்றச் சொன்னது நான், மிஸ்ஸி சொன்னதாகப் பொய் சொன்னதும் நான், அவருக்கு எதுவும் தெரியாது. நாலே வரி. சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. அனுப்பும் முன் ராமாயியைக் கோயில் வாசலில் நிறுத்தி வாசித்துக் காட்டினேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டாள்.

"எங்கள ஏன் டீச்சர் அப்பிடிப் பண்ண வச்சீங்க?" என்றாள் கடைசியில். "அந்தம்மா சாமான் தூக்கிட்டுப் போறப்ப நான் காம்பராக்குள்ளதான் இருந்தேன். கதவச் சாத்திக்கிட்டு இருந்தேன்."

அவள் நாலைந்து எட்டு நடந்து திரும்பி நின்றாள். "மத்தவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பெரட்டுல நீங்களே நின்னு வாசிங்க" என்றாள்.

நாளை காலை வாசிப்பேன். இதைப் படிக்கும் உங்களில் பலர் அதற்குள் கேட்டிருப்பீர்கள்.

பிலோமினா மிஸ்ஸியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று எண்ணிப் பார்த்தேன். அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஒரு பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கிறது. ஒரு நியமனக் கடிதம் இருக்கிறது. இந்தக் குவாட்டஸ் இருக்கிறது. மூன்றிலும் என் பெயர்தான் எழுதியிருக்கிறது.